இஸ்திரிப் பெட்டிக்கு இஸ்திரி

கரண்டு இஸ்திரிப் பெட்டி மேசைமேல் மல்லாந்து கிடந்தது. போன சனிக்கிழமை வரை முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலப் பளபளத்த அதன் அடிப்பாகத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை அப்பியிருந்தது. ஓரங்களில் பழுப்பு, நடுவில் கறுப்பு.

"யாரு வேல இது?" என்றார் நல்லையா.

காஜா பெராங் சாலையில் இருந்த அந்த டோபி கடைக்கு அவர்தான் முதலாளி. அன்று திங்கட்கிழமை. வரும் சனிக்கிழமை மலாய் நாட்டுக்குச் சுதந்திரம். நாடு முழுவதும் கொடியேறப்போகிற அந்த நாளில் பண்டார் ஹிலிர் திடலில் அணிவகுத்து நடக்க இளைஞர் மன்றம் ஒன்று டிரில் என்னும் கெட்டிப் பருத்தித் துணியில் தைத்த நாற்பது வெள்ளைச் சட்டைகளையும் நாற்பது காற்சட்டைகளையும் கடைக்கு அனுப்பியிருந்தது. அவை துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மூங்கில் கூடைகளில் மலையாகக் காத்திருந்தன.

"என்னைப் பாக்காதீங்க அத்தான்" என்றான் ஜெயபாலன். அவன் நல்லையாவின் மனைவிக்குத் தம்பி. "நான் சனிக்கெழம மத்தியானம் திடலுக்கு அணிவகுப்புப் பயிற்சிக்குப் போயிட்டேன். நான் இல்லாத நேரத்துல யாரு பெட்டியத் தொட்டாங்கன்னு கேளுங்க."

கேட்கத் தேவையே இல்லை. எல்லாருடைய கண்ணும் இஸ்திரி போடும் கமலவேணியின் பக்கம் திரும்பியது.

அந்தக் கடையில் நான்கு இஸ்திரிப் பெட்டிகள் இருந்தன. மூன்று கரிப்பெட்டிகள்; மூடியைப் பூட்டும் கொண்டியில் சேவல் பொம்மை நிற்கும் கனமான இரும்புப் பெட்டிகள். வயிற்றுக்குள் தணலைப் போட்டு, மூடி, ஆட்டி ஆட்டிக் கனல வைக்க வேண்டும். நான்காவதுதான் கரண்டுப் பெட்டி. போன வருடம் வாங்கியது. அதைத் தொடும் உரிமை ஜெயபாலனுக்கு மட்டும். அதற்கு நல்லையா சொன்ன காரணமும் ஒரு வகையில் நியாயம்போலத்தான் கேட்கும். கடையில் மின்சாரம் வந்து சேரும் இடம் ஒன்றே ஒன்று: உத்தரத்திலிருந்து தொங்கும் விளக்கு. பெட்டியைப் போட வேண்டுமானால் பெஞ்சின்மேல் ஏறி, பல்பைக் கழற்றி, அந்த இடத்தில் பெட்டியின் ஒயரை மாட்ட வேண்டும். பிறகு சுவரில் இருக்கும் விளக்குச் சுவிட்சைத் தட்டினால் பெட்டி சூடாகும், அணைத்தால் ஆறும். ஆக, அந்தக் கடையில் ஒன்று வெளிச்சம், இல்லாவிட்டால் இஸ்திரி. தெருவைப் பார்த்துத் திறந்த கடையில், போகிற வருகிற ஆம்பளைகள் பார்க்கப் பொம்பளை பெஞ்சுமேல் ஏறி நிற்பதா என்பார் நல்லையா. பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"தொட்டேன்" என்றாள் கமலவேணி.

ஜெயபாலன் சிரித்தான். "அக்காவே ஒத்துக்கிட்டாங்க."

"தொட்டேன்னுதான் சொன்னேன் தம்பி. கருக்கினேன்னு சொல்லல. சனிக்கெழம மூணு மணிக்கு டாக்டர் வீட்டு ஆளு வந்து நாலு காற்சட்ட உடனே வேணும்னு நின்னாரு. என் கரிப்பெட்டி ஆறிப்போச்சி. நீ ஒயரக் கழட்டாமத்தான் ஓடியிருந்த. சுவிட்சத் தட்டினேன், நாலையும் போட்டேன், அணைச்சேன். நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிட்டேன்."

"பாத்தீங்களா அத்தான்? கஞ்சி போட்ட காற்சட்ட! இவங்க போடற கஞ்சிதான் ஒலகத்துக்கே தெரியுமே. காற்சட்ட தனியா நடந்து போவும். அதான் கருகி ஒட்டிக்கிச்சி."

கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்ற பொன்னம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். கடையில் துவைக்கும் வேலை அவருடையது. கமலவேணியின் கஞ்சியைப் பற்றிய அந்தக் கிண்டலை முதலில் செய்தவரே அவர்தான்.

நல்லையா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபக்காரர் அல்ல, ஆனால் மனைவியின் தம்பியை விசாரிப்பதைவிட வேலைக்காரியைத் தண்டிப்பது சுலபம் என்று தெரிந்தவர்.

"ஒன்ன யாரு தொடச் சொன்னா? இன்னியிலருந்து நீ மேசப் பக்கம் வராத. கல்லுக்குப் போ. பொன்னம்மா கூடத் தொவை. போறதுக்கு முன்னால இந்தப் பெட்டிய சாம்பலும் தேங்கா நாரும் போட்டுத் தேச்சி வெச்சிட்டுப் போ."

கமலவேணிக்குப் பாதங்கள் கூசின. கல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ரப்பர்த் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த புதிதில் மூன்று வருடம் அந்தக் கல்லடியில்தான் நின்றாள். விடியலிலிருந்து ஈரத்தில் நின்று கால்விரல் இடுக்குகள் வெந்து புண்ணாகும். சோடாக்காரம் உள்ளங்கைத் தோலை அரிக்கும். இரவில் கணவன் தேங்காய் எண்ணெய் தடவிவிட, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். மேசைக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆறிக்கொண்டிருந்த கரிப்பெட்டிகளை எடுத்துப் பழைய துணிகளில் பழகி, ஒருநாள் ஒரு புடவைக் கரையை ஒரு சுருக்கமும் இல்லாமல் போட்டு நல்லையாவின் முன் விரித்தாள். அப்படி வாங்கிய இடம் அது. நான்கு வருடம் ஆகிறது.

"தேய்க்க மாட்டேன்" என்றாள்.

"என்னா சொன்ன?"

"சாம்பல் போட்டுத் தேய்க்க மாட்டேன் மொதலாளி. கல்லுக்கும் போக மாட்டேன்."

தெருவில் ஒரு ரிக்‌ஷா மணி கேட்டது.

"வாய் நீளுதே. சாம்பல் போட்டா என்னா? கரிப்பெட்டிய அப்படித்தான தேய்க்கிறோம்? பித்தளப் பான அப்படித்தான?"

"கரிப்பெட்டி அடி முழுக்க இரும்பு. எவ்வளவு தேச்சாலும் உள்ள இரும்புதான் இருக்கும். இதுக்கு மேல இருக்கறது முலாம். வெங்காயத் தோலு மாதிரி. சாம்பல்ல மண்ணு இருக்கும், மண்ணு அதக் கீறிடும். கீறுன எடத்துல துணி நூலு மாட்டும். அப்பறம் இந்த நாப்பது சட்டையிலயும் கோடு விழும். செய்யணுமா, சொல்லுங்க."

நல்லையா தேங்காய் நாரை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அரை மணி நேரம் குடுங்க" என்றாள் கமலவேணி. "நான் சுத்தம் பண்றேன். உங்க எல்லாரு கண்ணு முன்னாலயும். என் கஞ்சி எது, என் கஞ்சி இல்லாதது எதுன்னு அந்தக் கறையே சொல்லும். கஞ்சிதான்னா நானே கல்லுக்குப் போறேன்."

"கறை பேசுதாம்லா!" என்றான் ஜெயபாலன். ஆனால் அவன் சிரிப்பு இந்த முறை பாதியில் நின்றது. "அத்தான், நேரமாவுது. ஒயர மாட்டி, சூட்டோட கத்தியால சொரண்டிட்டா முடிஞ்சிச்சி."

"கத்தி வேணாம். ஒன் கரண்டும் வேணாம்."

நல்லையா கூடைகளைப் பார்த்தார். கீறிய பெட்டியோடு நாற்பது வெள்ளைச் சட்டை என்பதை நினைத்தார். "அரை மணிதான்" என்றார்.

கமலவேணி பின்கட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும், ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகர் போத்தலும், ஆப்பசோடா டப்பாவும் கொண்டுவந்தாள். பொன்னம்மா கேட்காமலேயே துணிக்கொடியிலிருந்து இரண்டு மரக் கிளிப்புகளைக் கழற்றிவந்து கொடுத்தார்.

"இதையும் வெச்சிக்க. எதுக்காவது ஒதவும்."

"ஒதவும் பொன்னம்மாக்கா. கத்திய விட நல்லா ஒதவும்."

முதலில் பழைய பனியன் துணியை வெந்நீரில் நனைத்து, சில சொட்டு வினிகர் விட்டு, பெட்டியின் மூக்குப்பக்கம் இருந்த பழுப்பின்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தேய்க்கவில்லை. கஞ்சி என்பது மரவள்ளி மாவு. தண்ணீரில் பிறந்தது. சூட்டில் காய்ந்து ஓடாகிவிட்டாலும், அவசரப்படாமல் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் அது மறுபடி இளகி வரும். வினிகரின் புளிப்பு அந்த இளகலை விரைவுபடுத்தும். அவள் மனதுக்குள் அறுபது வரை எண்ணிவிட்டுத் துணியை எடுத்தாள். துணியில் தேயிலைச் சாயம்போலப் பழுப்பு இறங்கியிருந்தது. பெட்டியின் மூக்கு வெள்ளையாகப் பளிச்சிட்டது.

"ஆங்! கஞ்சி!" என்றான் ஜெயபாலன். "அத்தான், கஞ்சி!"

"ஆமா, இது என்னுது" என்றாள் கமலவேணி. "சூட்டோட தொடைச்சிருக்கணும். தொடைக்காம அவசரமாப் போனேன். அது என் தப்பு. இப்ப நடுவுல பாருங்க."

அதே துணியை நடுவில் இருந்த கறுப்பின்மேல் வைத்தாள். அறுபது எண்ணினாள். பிறகு இன்னொரு அறுபது. எடுத்தாள். துணி சுத்தமாக இருந்தது. கறுப்பு அசையவில்லை. தாமரை இலைமேல் விட்டதுபோல அதன்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"கஞ்சி தண்ணியக் குடிக்கும். இது குடிக்கல."

நல்லையா குனிந்தார். "ரொம்பக் கருகியிருக்கும்."

"ரொம்பக் கருகுனா கரியாயிடும் மொதலாளி. கரி பொடியும். இது பொடியுதா பாருங்க." கிளிப்பின் முனையால் கீறிக்காட்டினாள். கிளிப்பு வழுக்கியது. "இதுக்குத் தண்ணி மொழி தெரியாது. சூட்டு மொழிதான் தெரியும்."

"அப்ப கரண்டு வேணுமே" என்று ஜெயபாலன் பெஞ்சைப் பார்த்து நகர்ந்தான்.

"வேணாம்னேன்ல?"

அவள் கரண்டுப் பெட்டியைத் தூக்கி, கஞ்சி காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு செங்கற்களுக்கு நடுவே மல்லாக்க நிறுத்தினாள். கைப்பிடி கீழே இடுக்கில் இறங்கி, அடிப்பாகம் வானத்தைப் பார்த்து மட்டமாக நின்றது. துணிக்கட்டு மடிக்கிற பழுப்புத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து அதன்மேல் விரித்தாள். அடுப்பிலிருந்து தணலை இடுக்கியால் எடுத்துத் தன் கரிப்பெட்டிக்குள் போட்டாள். சேவலைத் திருகிப் பூட்டினாள். வாசல் பக்கம் போய்ச் சாம்பல் பறக்க நான்கு முறை ஆட்டினாள். விரல் நுனியை எச்சிலில் தொட்டு அடியில் வைத்தாள். 'சுள்' என்றது. பத்தாது. இன்னும் நான்கு ஆட்டு. இப்போது 'ச்ட்' என்று எச்சில் துள்ளி விழுந்தது. அதுதான் டிரில் துணிக்கான சூடு.

அந்தக் கரிப்பெட்டியை அவள் கரண்டுப் பெட்டியின்மேல் வைத்தாள். அடியோடு அடி, நடுவில் தாள்.

பொன்னம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அடியே வேணி! இஸ்திரிப் பெட்டிக்கே இஸ்திரி போடறியே!"

"ஒரு வருஷமா இதப் பளபளன்னு தூக்கி வெச்சிருந்தாங்க அக்கா. இன்னிக்குத்தான் கரிப்பெட்டி கிட்ட வேல வாங்கிக்கிது."

நல்லையாவின் மீசை துடித்தது. சிரிப்பா கோபமா தெரியவில்லை.

கமலவேணி கரிப்பெட்டியை அவசரப்படாமல் முன்னும் பின்னும் நகர்த்தினாள். தாளிலிருந்து முதலில் தாள் வாசனைதான் வந்தது. பிறகு வேறொரு வாசனை எழுந்தது. கருகிய மாவின் வாசனை அல்ல. சோறு அடிப்பிடித்தால் வருமே, அந்த வாசனை அல்ல. மூக்கின் பின்பக்கம் பிடித்து உறுத்துகிற, சீப்பு எரிந்ததுபோன்ற வாசனை. பொன்னம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஜெயபாலன் வாசல் பக்கம் பார்த்தான்.

கமலவேணி கரிப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, தாளின் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

தாள் தனியே வரவில்லை. தாளுக்கும் பெட்டிக்கும் நடுவில் நூல் இழுத்தது. வெல்லப்பாகு கம்பிப்பதத்தில் இழுக்குமே, அப்படி ஒன்று, இரண்டு, பத்து நூல்கள் மெல்லியதாக நீண்டு, நடுக்காற்றிலேயே விறைத்தன. வெளிச்சத்தில் அவை கறுப்பாக இல்லை. பச்சையாக இருந்தன. புது வாழையிலையின் பச்சை.

பொன்னம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"பிடிச்சிப் பாருங்க மொதலாளி. நூல் ஆறிடுச்சி, சுடாது."

நல்லையா ஒரு நூலை விரலால் ஒடித்தார். 'டிக்' என்று ஒடிந்தது. அவருக்குத் துணி தெரியும். முப்பது வருடம் துணியோடு கிடந்தவர்.

"நைலான்" என்றார்.

"நைலான்தான். பருத்திக்குச் சூடு கூடுனா கருகும், உருகாது. இது உருகும், ஆறுனா கல்லாயிடும்." அவள் பேசிக்கொண்டே, இளகியிருந்த மிச்சத்தை மரக் கிளிப்பின் சாய்ந்த முனையால் வழித்தாள். முலாமைவிட மரம் மெது; இளகிய நைலானைவிட மரம் கெட்டி. அதனால் முலாம் பிழைத்தது, பச்சை சுருண்டு வந்தது. "இப்ப இன்னொண்ணு பாருங்க. பச்சைய எடுத்த எடத்துல என்னா இருக்கு?"

எல்லாரும் குனிந்தார்கள். பச்சை போன இடத்தில் பழுப்பு இருந்தது.

"இது என் கஞ்சி." வினிகர்த் துணியை வைத்தாள், எண்ணினாள், எடுத்தாள். பழுப்பு போய்விட்டது. "கஞ்சி அடியில. நைலான் மேல. சோத்து மேலதான கொழம்ப ஊத்துறோம்? மொதல்ல போட்டது அடியில இருக்கும். நான் மூணு மணிக்குக் காற்சட்ட போட்டேன். எனக்கப்பறம் இந்தப் பெட்டிய யாரோ எடுத்திருக்காங்க. நான் நாலு மணிக்குப் போயிட்டேன். பல்ப யாரு திரும்ப மாட்டினா?"

பல்பை மாட்டுகிறவன் கடையில் ஒருவன்தான்.

"பயிற்சி முடிச்சி அஞ்சு மணிக்கு வந்தேன்" என்றான் ஜெயபாலன். குரல் இறங்கியிருந்தது. "வெளக்குக்காகப் பல்ப மாட்டிட்டுப் போனேன். அவ்வளவுதான். நைலான் எல்லாம் நான் போடல."

நல்லையா சுவர் அலமாரியைப் பார்த்தார். பழுப்புத் தாளில் கட்டி, சணலால் முடிச்சுப் போட்டு, வாடிக்கையாளர் குறி எழுதிய கட்டுகள் அங்கே வரிசையாக இருந்தன. கமலவேணி மூன்றாவது கட்டைத் தொட்டுக் காட்டினாள். "சந்திரமதியம்மா வீட்டுக் கட்டு. அவங்க பச்ச நைலான் கெபாயாச் சட்ட போன வாரம் வந்துச்சி. நான்தான் குறி போட்டேன்."

"கட்டுன கட்ட அவுக்கக் கூடாது" என்றார் நல்லையா உடனே. அது அந்தக் கடையின் சட்டம். முடிச்சுப் போட்ட கட்டை வாடிக்கையாளர் கைதான் அவிழ்க்க வேண்டும். ஒருமுறை ஒரு கட்டில் சட்டை மாறிப்போய்ப் பெரிய சண்டையானதிலிருந்து அவர் அதை மீறியதில்லை.

"நாம அவுக்க வேணாம். அவங்களே வந்து அவுக்கட்டும். மூணு சந்துதான. பொன்னம்மாக்கா, கொஞ்சம் போய்க் கூட்டியாறீங்களா?"

பொன்னம்மா நல்லையாவின் முகத்தைப் பார்க்காமலேயே படியிறங்கிவிட்டார்.

காத்திருந்த நேரத்தில் கமலவேணி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பெட்டியில் இன்னும் மங்கலான புகைப்படலம் ஒன்று இருந்தது. ஆப்பசோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுத் தோசைமாவைவிடக் கெட்டியாகக் குழைத்தாள்.

"அந்த வினிகரையும் இதுல ஊத்திடேன்" என்றார் நல்லையா. அவரையறியாமல் அவருக்கு இந்த வேலையில் ருசி தட்டிவிட்டது. "ரெண்டும் சேந்தா சீக்கிரம் போவும்ல?"

"நுரை பொங்கும், பாக்க நல்லாருக்கும். ஆனா புளிப்பக் காரம் தின்னுடும், காரத்தப் புளிப்பு தின்னுடும். கடைசியில கையில உப்புத்தண்ணிதான் மிஞ்சும். மொதல்ல இது வேலைய முடிக்கணும், தொடைக்கணும், அப்பறம்தான் அது."

சோடாவின் துகள் சாம்பலில் கலந்த மண்ணைப்போலக் கடினமானது அல்ல. அழுத்தினால் தானே நொறுங்கும். அதனால் கறையைச் சுரண்டும், முலாமை விட்டுவிடும். அவள் மூக்கிலிருந்து வால்வரை ஒரே திசையில் துடைத்தாள். ஈரத்துணியால் ஒருமுறை, வினிகரால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. கிணற்றடிக்குப் போய் வாழையிலை ஒன்றை நறுக்கி வந்து, அதன் அடிப்பக்கத்தை இன்னும் வெதுவெதுப்பாக இருந்த பெட்டியின்மேல் தேய்த்தாள். வாழையிலையின் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருப்பது மெழுகு. சூடு பட்டதும் அது உருகி, கண்ணுக்குத் தெரியாத பூச்சாகப் பெட்டியில் படியும். பிறகு துணிமேல் பெட்டி தானாக ஓடும்.

நல்லையாவின் முகம் அந்த அடிப்பாகத்தில் மீசையோடு தெரிந்தது.

சந்திரமதியம்மா குடையோடு வந்து சேர்ந்தார். பல தலைமுறைக்கு முன் வந்து மலாயோடு கலந்துவிட்ட தமிழ் வம்சத்தார் வாழும் சிட்டிக் கிராமத்துக்காரர். அவர்கள் வீட்டில் நெற்றியில் திருநீறு, பேச்சில் மலாய். கமலவேணியோடு பேசும்போது மட்டும் தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களைத் தேடித்தேடி நடுவில் போடுவார். கமலவேணி கட்டை எடுத்து இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள். மலாயில், அவிழ்த்துப் பாருங்கள் என்றாள்.

சணல் அவிழ்ந்தது. கெபாயா மேலே அழகாகத்தான் மடிந்திருந்தது. முன்பக்கப் பூவேலை ஒழுங்காக இருந்தது. சந்திரமதியம்மா அதை உதறி விரித்தார். முதுகின் கீழ்ப்பகுதியில், மடிப்புக்குள் மறைத்து வைத்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு பச்சைக் கண்ணாடிபோல விறைத்திருந்தது.

"அடோய்!" என்றார். ஓட்டைக்குள் கையை விட்டு, ஐந்து விரலையும் எல்லாருக்கும் காட்டினார். "சியாப்பா புவாட்?"

யார் செய்தது என்று அவர் கேட்டதும் எல்லாரும் ஜெயபாலனைப் பார்த்தார்கள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "டிரில்லுக்கு வெச்ச சூடுதான் வெச்சேன். வெச்சதும் ஒட்டிக்கிச்சி. இழுத்தேன், பிஞ்சிடுச்சி." பிறகு நல்லையாவிடம், "சொன்னா நீங்க பெட்டியப் புடுங்கிக்குவீங்க. வர்ற சனிக்கெழம அணிவகுப்புக்கும் விடமாட்டீங்க அத்தான்."

"அதனால என்னைக் கல்லுக்கு அனுப்பப் பாத்த" என்றாள் கமலவேணி.

அவன் மேசையிலிருந்து ஓர் அடி பின்வாங்கினான்.

சந்திரமதியம்மா மலாயில் பொரிந்து தள்ளினார். சனிக்கிழமை திடலுக்குப் போட வைத்திருந்த கெபாயா. மகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. இனி ஓட்டையோடு போய்ச் சுதந்திரம் பார்ப்பதா? நல்லையா மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வியர்த்தார். புதிது தைத்துத் தருவதாகச் சத்தியம் செய்தார். கமலவேணி, உங்கள் வெள்ளை வாயில் துணிக் கெபாயாவைக் கொண்டுவாருங்கள், வெள்ளிக்கிழமைக்குள் நானே போட்டுத் தருகிறேன், கத்திமுனைபோல நிற்கும் என்றாள். பொரிவது கொஞ்சம் அடங்கியது. ஆனால் அவர் கிளம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது.

"சரி சரி. ஆனது ஆயிடுச்சி" என்றார் நல்லையா. கைகளைத் தட்டிக்கொண்டார். "கல்லுக்கெல்லாம் போக வேணாம் வேணி. நான் தெரியாமச் சொல்லிட்டேன். நீ ஒன் கரிப்பெட்டியப் பாரு. மாப்ள, நீ ஒயர மாட்டு. நாப்பது சட்ட கெடக்கு."

ஜெயபாலன் கரண்டுப் பெட்டியை எடுக்கக் கையை நீட்டினான். கமலவேணியின் கை கைப்பிடியில் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"மாட்டேன்" என்றாள்.

"மறுபடியும் மாட்டேனா?" நல்லையாவின் குரல் உயர்ந்தது. "அதான் ஒன் எடத்தத் திருப்பிக் குடுத்துட்டேன்ல?"

"என் எடத்த நீங்க குடுக்கல மொதலாளி. அது என் கையில இருந்துச்சி, நீங்க புடுங்கப் பாத்தீங்க, முடியல. இது வேற பேச்சு. நைலானுக்கும் டிரில்லுக்கும் ஒரே சூடு வெக்கிறவன் கிட்ட இந்தப் பெட்டியக் குடுத்தா, வெள்ளிக்கெழம இன்னொரு ஓட்ட வரும். அப்ப யாரக் கல்லுக்கு அனுப்புவீங்க? பொன்னம்மாக்காவையா?"

"நான் ஏற்கெனவே கல்லுலதான் நிக்கிறேன்" என்றார் பொன்னம்மா. "என்ன எங்க அனுப்புவாரு, கெணத்துக்குள்ளயா?"

"இந்தப் பெட்டி என்னுது மொதலாளி. வேல முடியிற வரைக்கும் மட்டும் இல்ல. சனிக்கெழமைக்கு அப்பறமும். தம்பி கரிப்பெட்டியில பழகட்டும். எச்சி தொட்டு சூடு பாக்கத் தெரிஞ்சதுக்கப்பறம் வரட்டும்."

"பெட்டி ஒன்னுதுன்னே வெச்சிக்குவோம். ஒயர யாரு மாட்டறது?" நல்லையா கடைசி ஆயுதத்தை எடுத்தார். உத்தரத்தைக் காட்டினார். தெருவைக் காட்டினார். எதிர்ப்பக்கக் காப்பிக் கடையில் நான்கைந்து பேர் ஏற்கெனவே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இத்தன பேரு பாக்க ஏறுவியா?"

கமலவேணி காப்பிக் கடையைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். கொசுவத்தைச் சேர்த்து இடுப்பில் இறுக்கிச் சொருகினாள். முந்தானையை வரிந்து கட்டினாள்.

"எழுந்திருங்கம்மா கொஞ்சம்" என்று சந்திரமதியம்மாவிடம் சொன்னாள்.

அவர் எழுந்தார். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை, ஆடும். சந்திரமதியம்மா தன் பாசிமணி கோத்த செருப்புக் காலை அந்தப் பெஞ்சின் குறுக்குச் சட்டத்தின்மேல் ஊன்றி, குடையையும் பக்கத்தில் ஊன்றி நின்றுகொண்டார். ஆட்டம் நின்றது.

கமலவேணி ஏறினாள். காப்பிக் கடையில் யாரோ விசில் அடித்தான். அவள் திரும்பினாள், பெஞ்சின்மேல் நின்றபடியே.

"பல்பு கழட்டறதப் பாத்ததில்லையா அண்ணே? வாங்க, கிட்ட வந்து பாருங்க. கத்துக்கலாம்!"

காப்பிக் கடையில் சிரிப்பு எழுந்தது. விசில் அடித்தவனைப் பார்த்துத்தான்.

உத்தரம் அவள் நினைத்ததைவிட உயரம் குறைவாகத்தான் இருந்தது. பல்பை உள்ளே அழுத்தி, இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினாள். கையோடு வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு வருடமாக ஜெயபாலன் இதைச் செய்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டு இறங்குவான். ஒயரின் தலையை அதே இடத்தில் வைத்து அழுத்தி, வலப்பக்கம் திருப்பினாள். 'களுக்' என்று உட்கார்ந்தது.

கையில் பல்பு இருந்தது. கீழே குனிந்து நீட்டினாள்.

"பிடிங்க மொதலாளி."

நல்லையா வாங்கிக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கைகளாலும் கோழிமுட்டையைப்போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கமலவேணி இறங்கிவந்து சுவிட்சைத் தட்டினாள். காத்திருந்தாள். விரலை எச்சிலில் தொட்டுப் பெட்டியில் வைத்தாள். 'சுள்'. பத்தாது. இன்னும் கொஞ்சம். 'ச்ட்' என்று துள்ளியது. கூடையிலிருந்து முதல் சட்டையை எடுத்து விரித்து, காலரின் ஓரத்தில் பெட்டியின் மூக்கை வைத்தாள். வாழையிலை மெழுகில் பெட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"தம்பி" என்றாள் தலையைத் தூக்காமல். "தணல் ஆறுது. ஆட்டு."

ஜெயபாலன் கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.